காய்ச்சல் வந்தாலும் சந்தேகம், வராவிட்டாலும் சந்தேகம்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பயணக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டிருந்த நாட்களில், திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே காலையில் ஒரே பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்று சினோபார்ம் என்ற சீனக் கொவிட் தடுப்பூசி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அன்றிரவு மூலை வீட்டு இளைஞனுக்கு உடம்பு கொதித்தது. "நல்லா இருந்த உடம்பக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று மறுநாள் மதிலுக்கு மேலால் சொன்னான். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற, எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவின் மனக்குறை வேறு. "எனக்குக் கை கூட நோகேல்லையடா தம்பி. தண்ணியத்தான் ஏத்தி விட்டிருக்கினம் போல." இருவருக்கும் ஏற்றியது ஒரே மருந்து. இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் உரிய விடை உடம்பின் ஒரே இயக்கத்தில்தான் இருக்கிறது. அதை எவரும் நேரத்தோடு அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதை நான் இன்றைக்கும் மனத்தாங்கலோடுதான் நினைக்கிறேன்.

மேற்கைத் தசைக்குள் மருந்து இறங்கியதும் முதலில் விழித்துக்கொள்பவை, அந்நியப் பொருட்களை விழுங்கும் கலங்களான தின்குழியங்கள். எந்தக் கிருமி என்று பிரித்தறிய அவற்றுக்குத் தெரியாது. வந்தது அந்நியம் என்பதை மட்டும் கண்டுகொள்ளும். சினோபார்மில் இருப்பது இரசாயனத்தால் செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரசு. இந்த முதற்காவலைத் தட்டியெழுப்புவதற்கென்றே அலுமினியம் ஐதரொட்சைட்டும் அதனோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. எழும்பிய தின்குழியங்கள் இன்டர்லூக்கின் முதலான சைகைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை அவ்விடத்துக் குருதிக்குழாய்களை விரியச் செய்வதால் கை வீங்கி நோகிறது. சற்று அதிகமாகச் சுரந்து குருதியில் கலந்துவிட்டால், மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி, உடம்பு எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்ற அளவை மேலே உயர்த்திவிடுகிறது. உயர்ந்த அளவோடு ஒப்பிடும்போது வழமையான 37 பாகை செல்சியஸ் உடம்புக்குக் குளிராகத் தெரிவதால்தான், சித்திரை வெயிலிலும் ஒருவர் போர்வைக்குள் சுருண்டு நடுங்குகிறார். பனடோல் குறைப்பது இந்தப் புரொஸ்டாகிளாண்டினைத்தான். ஆக, அந்தச் சூடு மருந்துக்குள் இருந்து வந்ததன்று. உடம்பு தானே மூட்டிக்கொண்டது.

பாதுகாப்பு இந்தக் கட்டத்தில் உருவாவதில்லை. மருந்தின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு சில கலங்கள் கக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே அந்தத் துணுக்கோடு பொருந்தக்கூடிய பி வகை வெண்குழியங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, பெருகி, மேலும் மேலும் இறுக்கமாகப் பொருந்தும்படி திருத்தப்படுகின்றன. ஒன்றிரண்டு வாரங்களில், கிருமியைப் பற்றி முடக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகள் குருதியில் போதிய அளவில் தோன்றுகின்றன. ஞாபகக் கலங்கள் அதன் பின்னரும் நீண்ட காலம் தங்கியிருக்கின்றன. இந்த வேலை பெரும்பாலும் ஓசையின்றி நடக்கிறது. முதற்காவல் எழும்பாமல் இது தொடங்காது என்பது உண்மை. ஆனால் முதற்காவல் எவ்வளவு சத்தம் போட்டது என்பதை வைத்து உள்ளே நடந்த வேலையை அளக்க முடியாது. பைசர் தடுப்பூசியின் பெரும் பரிசோதனையில் இரண்டாவது ஊசிக்குப் பின்னர் காய்ச்சல் கண்டவர்கள் 55 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 வீதத்தினர், அதற்கு மேற்பட்டவர்களில் 11 வீதத்தினர் மாத்திரமே. அதே பரிசோதனையில் நோயைத் தடுக்கும் திறன் ஏறக்குறைய 95 வீதமாக இருந்தது. காய்ச்சல் வராத பெருந்தொகையினரும் பாதுகாக்கப்பட்டிருந்தார்கள் என்பதே இதன் பொருள். இளையவர்களின் முதற்காவல் துடியானது, வயதானவர்களுடையது மந்தமானது. மூலை வீட்டுப் பொடியனுக்கும் அம்மாவுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அம்மாவின் சந்தேகத்தில் ஒரு மணி உண்மை இருந்ததையும் சொல்ல வேண்டும். செயலிழந்த வைரசால் ஆன தடுப்பூசிகள் முதியவர்களில் குறைந்த அளவு பிறபொருளெதிரிகளையே உருவாக்கின என்பது தெரிந்ததும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது ஊசி அவசியம் என்று 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. அது தண்ணீர் அன்று. ஆனால் இரண்டு ஊசிகள் அவரது வயதுக்குப் போதுமானவையும் அல்ல.

இத்தனைக்கும் எங்கள் மக்கள் ஊசிக்குப் புதியவர்கள் அல்லர். 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் இலங்கையின் எல்லா மூலைகளுக்கும் போயிருக்கிறது. 1993க்குப் பின்னர் இந்த நாட்டில் போலியோ நோயாளி எவரும் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1995 முதல், குழந்தைகளுக்குப் போலியோத் துளி கொடுப்பதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய்வாக வைத்திருந்த நாட்கள் உண்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உவர்மலையிலும் தாய்மார் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கிற்குப் போகத் தவறுவதில்லை. அந்த ஊசிக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. வந்தும் எவரும் பதறுவதில்லை. ஏனென்றால் பல ஆண்டுகளாக அந்த வீட்டுப் படியேறிப் பழகிய குடும்பநல உத்தியோகத்தர், "இண்டைக்கு இரவு கொஞ்சம் காயும், பயப்படாதேங்கோ தங்கச்சி, பனடோல் பாணியக் குடுங்கோ, ரெண்டு நாளில விட்டுடும்" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார். சொன்னபடி வந்த காய்ச்சல் ஒரு தாய்க்கு நம்பிக்கையைக் கூட்டுகிறது. சொல்லாமல் வந்த காய்ச்சல் அப்படியன்று. அதற்கான காரணத்தை அவள் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, 2021இல் அந்தக் காரணங்களை வாட்ஸ்அப் குரல்பதிவுகள் இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தன.

எதிர்பார்ப்பு என்பது உடம்பில் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு அளவுகளே இருக்கின்றன. கொவிட் தடுப்பூசிகளின் 12 பரிசோதனைகளில் பங்கெடுத்த 45,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசிக்குப் பதிலாக வெறும் உப்புநீர் போன்ற மருந்தற்ற ஊசியைப் பெற்றவர்களிலும் 35 வீதமானோர் முதல் ஊசிக்குப் பின்னர் தலையிடி, களைப்பு முதலியவற்றைத் தெரிவித்திருந்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. வரப்போகிறது என்று அஞ்சிக்கொண்டிருக்கும்போது, மற்ற நாளில் கவனியாமல் விடுகின்ற சிறு நோவும் பெரிதாகத் தெரிகிறது, பதற்றம் தானே தலையிடியையும் கொண்டுவருகிறது. அதனால் முன்கூட்டிச் சொல்வது மட்டும் போதாது; சொல்லும் விதமும் முக்கியம். "வரலாம், வந்தால் இரண்டு நாளில் போய்விடும், போகாவிட்டால் எனக்கு அறிவியுங்கள்" என்ற மூன்று துண்டுகளும் சேர்ந்தே வர வேண்டும்.

காய்ச்சலைவிடப் பெரிய பயம் மரணம். எங்கள் பின்வீதியில் நெடுநாள் இருதய நோயாளியாக இருந்த பெரியவர் ஒருவர் ஊசி போட்ட ஐந்தாம் நாள் இறந்தபோது, அந்த வீதியில் இரண்டாவது ஊசிக்குப் போகவிருந்த பலர் நின்றுவிட்டார்கள். தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்பார்கள். ஒன்றையடுத்து ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூவர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஊசியே போடாத பத்தாயிரம் முதியவர்களில் ஓர் ஆண்டில் 300 பேர், ஒரு வாரத்தில் ஐந்தாறு பேர் இறப்பார்கள். அந்தப் பத்தாயிரம் பேருக்கும் ஒரே வாரத்தில் ஊசி போட்டால், அந்த ஐந்தாறு மரணங்களும் ஊசிக்கு அடுத்த வார மரணங்களாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி, வழமையாக எதிர்பார்க்கும் தொகையைவிடக் கூடுதலாக இறந்தார்களா என்பதே.

இதே கணக்குதான் உண்மையான ஆபத்தையும் காட்டிக்கொடுத்தது. அஸ்ட்ராசெனகா தடுப்பூசி பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் குறைந்த நிலையிலேயே மூளை நாளங்களில் குருதி உறைவதை 2021 மார்ச்சில் ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த அபூர்வமான சேர்க்கை எதிர்பார்க்கும் தொகையைவிட அதிகமாக இருந்தது. சிறுதட்டுகளிலிருந்து வெளிவரும் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பே பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடுவதுதான் காரணம் என்பதும் விரைவில் தெரியவந்தது. அண்ணளவாக ஐம்பதாயிரம் முதல் ஒரு இலட்சம் பேருக்கு ஒருவர், இளையவர்களில் சற்று அதிகம். பல நாடுகள் அந்த ஊசியை முதியவர்களுக்கு மட்டுமென்று மட்டுப்படுத்தின. கொவிஷீல்ட் என்ற பெயரில் இங்கு 2021 ஜனவரி இறுதியில் முதலில் வந்ததும் இதே தடுப்பூசிதான். இதை மறைக்காமல் மக்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் நம்பிக்கை குறைந்திருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஏனென்றால் நம்பிக்கை ஏற்கனவே வேறோரிடத்தில் உடைந்திருந்தது. கொவிட்டால் இறந்த எல்லோரையும், அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களையும் கூட, எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. புதைத்தால் நிலத்தடி நீருக்குள் வைரசு பரவும் என்று காரணம் சொல்லப்பட்டது. உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருக முடியாத, மூச்சின் வழியாகப் பரவுகின்ற ஒரு வைரசைப் பற்றிய அந்தக் கூற்றுக்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. 2020 டிசம்பரில் பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் எதிர்ப்பின் அடையாளமாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை போன உரிமைப் பேரணி திருகோணமலையைக் கடந்தபோதும் ஜனாஸா எரிப்புக்கு எதிரான குரல் அதில் ஒலித்தது. அம்மாத இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் தொடங்கியது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. "பொசிட்டிவ் எண்டு வந்து மௌத்தானா எரிச்சுப்போடுவாங்கள்" என்ற அச்சத்தோடு ஓராண்டு வாழ்ந்த கிண்ணியாத் தாய் ஒருத்தியிடம், அறிவியல் சொல்கிறது ஊசி போடுங்கள் என்று அடுத்த மாதம் வந்து கேட்டால், எந்த அறிவியல் என்று அவள் திருப்பிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அம்மா மூன்றாவது ஊசியாகப் பைசரைப் போட்டுக்கொண்டார். அதற்கு முதல் நாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்து, கை நோகும் என்றும், கக்கத்தில் கட்டிபோலத் தட்டுப்படலாம் என்றும் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்த அம்மா என் கையைப் பிடித்துத் தன் இடது கக்கத்தில் வைத்துக் காட்டினார். நெல்லிக்காய் அளவில், தொட்டால் வலிக்கின்ற ஒரு நெறி. வெண்குழியங்கள் பெருகிக்கொண்டிருந்த அதே நிணநீர்க் கணு. "அவ சொன்னதுதான், நெறி கட்டியிருக்கு" என்றார். பத்து நாளில் அது கரைந்துபோனது.