கட்டை சின்னதானால் விரல் பக்கத்தில் வரும்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிற பையன்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணா, கைக்கு அடக்கமா ஒரு மெஷின் வாங்கணும், எது வாங்கலாம்?" கையோடு போனில் ஒரு வீடியோவும் இருக்கும். இரும்பும் கல்லும் அறுக்கிற நாலு இன்ச் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் போட்டு, கட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் அரை நிமிடத்தில் மொபைல் ஸ்டாண்ட் செய்து முடித்துவிடுவார். பின்னணியில் பாட்டு வேறு.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் இடது கை ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டுவேன். அது பாதிதான் மடங்கும்.

கதவு, ஜன்னல், கட்டில் என்று இருபது வருடத்துக்கு மேல் மரவேலை செய்கிறேன். ஏழடி நிலைச்சட்டம் அறுத்த காலத்தில் எனக்கு ஒரு தையல்கூடப் போட்டதில்லை. அஞ்சறைப்பெட்டி, சாவி மாட்டி, சுவர்க் கடிகாரம் என்று சின்னப் பொருள்களுக்கு மாறிய இரண்டாம் வருடம் ஒன்பது தையல். அறுத்தது மூன்று இன்ச் நீளமுள்ள ஒரு மாங்கட்டை. அதைக் கிளாம்பில், அதாவது மேசையோடு இறுக்கும் பிடியில், பிடிக்கச் சோம்பல்பட்டுக் கையில் பிடித்தேன். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குக் கண்ணில் இல்லை. சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விரலை மடக்கும் தசைநாணில் பாதி அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பெரிய மரத்தில் வராத அடி சின்னக் கட்டையில் ஏன் வந்தது?

நிலைச்சட்டத்துக்குச் சொந்த எடை இருக்கிறது. பிளேடு இடறினாலும் சட்டம் நகராது. என் கையும் பிளேடிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கும். மூன்று இன்ச் கட்டைக்கு எடையே கிடையாது. பிளேடின் ஒரு பல் கணுவில் மாட்டினால் போதும், ஒன்று கட்டை பறக்கும், இல்லை மெஷின் உதைக்கும். இரண்டில் எது நடந்தாலும் விரல் அங்கேயே இருக்கிறது. அதாவது மெஷின் சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று நாம் போடுகிற கணக்கு தலைகீழ். பொருள் சிறுக்கச் சிறுக்க விரல் பல்லுக்குப் பக்கத்தில் போகிறது.

நாலு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். விளிம்பில் அதன் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஓசூர் பக்கம் பறக்கிற கார்கூட அந்த வேகம் போகாது. இரும்புக்கும் கல்லுக்கும் போடுகிற டிஸ்க்குக்குப் பல் கிடையாது. அது தேய்த்துத் தேய்த்து அறுக்கும். மரப் பிளேடு பல்லால் கடித்து இழுக்கும். கடித்த பல்லை மரம் விடவில்லை என்றால் அந்த வேகம் முழுவதும் மெஷினை நம் பக்கம் திருப்பிவிடும்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. கடையில் மரத்துக்கென்று விற்கும் பிளேடு பெரும்பாலும் 110 மில்லிமீட்டர். நாலு இன்ச் கிரைண்டரின் கார்டு, அதாவது பிளேடை மறைக்கும் தகடு, 100 மில்லி டிஸ்க்குக்காகச் செய்தது. பிளேடு உள்ளே போகாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கார்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுகிறோம். கார்டைக் கழற்றினால்தான் ஒரு பிளேடு மாட்டும் என்றால் அந்த மெஷினுக்கு அது பிளேடே இல்லை. நான் கழற்றியவன்தான், அதனால்தான் சொல்கிறேன். அதோடு பல கிரைண்டர்களில் தள்ளு சுவிட்ச். ஒருமுறை தள்ளிவிட்டால் மெஷின் கையை விட்டு நழுவி விழுந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில விநாடி சுற்றும். மடியில் வைத்து வெட்டுப்பட்டவர்கள் அந்தச் சில விநாடியில்தான் பட்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் சின்னப் பொருளே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். என் பட்டறையில் இப்போது நடப்பதெல்லாம் அதுதான். மாற்றியது வேலையின் வரிசையை மட்டும்.

ஐந்து இன்ச் சாவி மாட்டி செய்ய வேண்டும் என்று வையுங்கள். முன்பு முதலில் ஐந்து இன்ச் துண்டாக அறுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஓட்டை போடுவேன், ஓரம் மழிப்பேன், தேய்ப்பேன். எல்லாமே ஐந்து இன்ச் கட்டையோடு மல்லுக்கட்டுவதுதான். இப்போது இரண்டடி நீள மரச்சட்டம் (ரீப்பர்) ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சி கிளாம்ப் இரண்டு போட்டு மேசையோடு இறுக்கிவிடுவேன். மறு முனையில் கோடு போட்டு, ஓட்டை, ஓரம், தேய்ப்பு எல்லாவற்றையும் முடிப்பேன். கடைசியில் கை ரம்பத்தால் ஐந்து இன்ச்சில் அறுப்பேன். முக்கால் இன்ச் கட்டையை அறுக்கக் கை ரம்பத்துக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அதற்குப் போய் மெஷினை எடுப்பானேன்? மிச்ச ரீப்பரில் அடுத்த சாவி மாட்டி.

அளவுக்கு டேப் எடுக்க வேண்டாம். மெஷின் ஓடும்போது எந்தக் கையும் பல்லிலிருந்து ஒரு சாணுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். கட்டையை வைத்தால் ஒரு சாண் இடைவெளி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டை கையில் பிடிக்கிற கட்டை இல்லை. கிளாம்ப் பிடிக்காத வடிவமாக இருந்தால் ஒரு பெரிய பலகையில் இரட்டைப் பக்க டேப்போ சூடு பசையோ போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உளியால் மெல்ல நெம்பினால் வந்துவிடும்.

ட்ரில் மெஷினை யாரும் பயத்தோடு பார்ப்பதில்லை. அதுவும் சின்னக் கட்டையில் விளையாடும். ஓட்டை போடும் முனையான பிட் அடிப்பக்கம் வெளியே வருகிற நொடியில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும். அப்போது கட்டை கையில் இருந்தால் மின்விசிறி இறக்கை மாதிரி சுழன்று விரல் முட்டியில் அடிக்கும். கட்டைக்கு அடியில் ஒரு வீண் பலகை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட்டால் அடிப்பக்கம் சிதறாமலும் வரும். ட்ரில் போடும்போது துணிக் கையுறை கூடாது. அது கையைக் காப்பாற்றாது, பிட்டில் சுற்றிக் கையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கோயிலில் கட்டிய கயிறு, கழுத்துத் துண்டு, தொங்கும் சட்டைக் கைக்கும் இதுவேதான். கயிற்றை அவிழ்க்க மனசு வராதவர்கள் முழங்கை வரை ஏற்றிவிட்டு மேலே சட்டைக் கையை இறுக்கி மடித்துக்கொள்ளுங்கள்.

ஓரம் மழிக்கும் ட்ரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று. அதில் திசைதான் முக்கியம். பொருளின் வெளி ஓரத்தைச் சுற்றி ஓட்டும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். போட்டோ பிரேம் மாதிரி உள் ஓரம் என்றால் கடிகாரத் திசையில். மாற்றி ஓட்டினால் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும், நாம் பின்னால் ஓட வேண்டியதுதான். ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் மூன்று மில்லி மூன்று மில்லியாக எடுங்கள்.

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மரம் எங்கிருந்து வருகிறது என்பதிலேயே பாதி பிரச்சினை. காய்ப்பு நின்றுபோன தோப்புகளை வெட்டுவதால் மாங்கட்டை மலிவாகக் கிடைக்கும். ரேகை அழகாக இருக்கும், தேன் நிறத்தில் கறுப்புக் கீற்று ஓடும். ஆனால் வெட்டிய மாதமே வாங்கி வந்து அறுத்தால் ஈரக்கட்டை பிளேடை இறுக்கும், உதைக்கும். ஒரு இன்ச் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பது பழைய கணக்கு. காயாததில் செய்த பெட்டி மூன்றாம் மாதம் வாய் பிளக்கும். வண்டும் சீக்கிரம் வைக்கும். முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம், மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துபோவதை நம்மூரில் தெரியாதவர் இல்லை. மரத்தூளும் அப்படிச் சிலருக்குக் கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பு கொடுக்கும்.

இன்னொன்று ஓசூர் சிப்காட்டிலிருந்து காயலான் கடைக்கு வரும் பேலட் கட்டை, அதாவது சரக்கை அடுக்கி அனுப்பும் மரத்தட்டின் கட்டை. வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்த பைன் மரம், இழைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வாங்குமுன் பக்கவாட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படமும் அதன் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். 'எச்.டி.' (HT) என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது. 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப்புகை போட்டது. இரண்டாவதை நான் வாங்குவதே இல்லை. முத்திரையே இல்லாததில் குழந்தைக்குப் பொம்மையோ சமையலுக்குக் கரண்டியோ செய்வதில்லை. அதில் என்ன ரசாயனம் ஊற்றியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? எச்.டி. கட்டையிலும் உடைந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு நூலில் கட்டிக் கட்டை முழுக்கத் தடவிப் பாருங்கள். ஆணி இருந்தால் நூல் சாயும். பிளேடு ஆணியில் பட்டால் பல் தெறித்து முகத்துக்கு வரும். கண்ணாடி எப்போதும் போடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தூள் விஷயத்தில் எங்கள் ஆட்களே மோசம். மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். பெரிய சீவல் துண்டில் நிற்கும், அது எப்படியும் நுரையீரல் வரை போகாது. தேய்க்கும் மெஷினான சேண்டரில் 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வருகிற மாவுதான் உள்ளே போவது. அது துண்டில் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் புற்றுநோய் மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வருவது. என்-95 முகக்கவசம் ஒரு டீ, ஒரு வடை விலைதான். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அறுக்கிறவர்களுக்கு மரத்தூளோடு பசைத்தூளும் இலவசம். அதை நான் வீட்டுக்குள் அறுப்பதை விட்டுவிட்டேன்.

அறை முழுக்கத் தூள் மிதக்கும்போது காதையும் மறந்துவிடுகிறோம். சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். ட்ரிம்மரும் கிரைண்டரும் அந்த வட்டாரத்தில்தான் கத்தும். காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பான் போதும்.

எண்ணெய் துடைத்த துணி பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. ஆளிவிதை எண்ணெய் பூசிவிட்டுத் துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவையில்லை. பக்கத்தில் மரத்தூள் குவியல் இருந்தால் சொல்லவே வேண்டாம். துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பேட்டரி மெஷினில் பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். வயர் மெஷினில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. சுவிட்சை அணைப்பது வேறு, பிடுங்குவது வேறு.

இவ்வளவும் செய்து அடிபட்டுவிட்டால்? மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அமுக்காதீர்கள். டாக்டர் தையல் போடுமுன் அதைக் கழுவி எடுக்கவே அரைமணி நேரம் ஆகும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். ரத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. விரல் மடங்குகிறதா, நீள்கிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நான் கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாள் போனேன், விரல் பாதி மடங்குவது அதனால்தான். துண்டாகிப் போயிருந்தால் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக்கூடாது, படுகிற இடம் கருகிவிடும். 108-க்குப் போன் செய்யும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லுங்கள். எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்லூரி இறுதியாண்டு, பெயர்ப்பலகை செய்து விற்கலாம் என்று ஆசை. ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான், கிரைண்டர் வாங்கத்தான். ஒரு பேட்டரி ட்ரில், நாலு கிளாம்ப், நல்ல கை ரம்பம் ஒன்று, கண்ணாடி, முகக்கவசம் என்று எழுதிக் கொடுத்தேன். முகம் தொங்கிப்போனது. "கிரைண்டர் எப்பண்ணா?" என்றான். முதலில் பத்துப் பலகை விற்றுவிட்டு வா, பேசலாம் என்றேன். நேற்று போட்டோ அனுப்பியிருந்தான், ஏழு முடிந்திருக்கிறது. ஏழாவதில் அவன் அம்மா பெயர். 'ழ'வின் சுழியைக் கையாலேயே செதுக்கியிருக்கிறான், கொஞ்சம் கோணல்தான்.