சுங்கை சிப்புட்டில் ஒரு ‘நெகட்டிவ்’

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை விட்டு மலிவுவிலை வீட்டுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகியும், என் அத்தை விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். பால்மரம் வெட்டிய கை, உடம்பு அப்படி. மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், மருத்துவமனை கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, “நெகட்டிவ் என்று போட்டிருக்கிறதே தம்பி, கெட்டதுதானே?” என்று கேட்டார். அக்குளிலிருந்து எடுத்த நெறிகளில், அதாவது நெறி கட்டும் சிறு கணுக்களில், புற்றுச் செல் எதுவும் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அவர் கையில் கிடைக்கக்கூடிய மிக நல்ல செய்தி அது. அதைக் கெட்ட செய்தியாக எண்ணி மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார்.

இந்தக் குழப்பம் அத்தைக்கு மட்டும் வருவதில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே நோயாளிகள் இந்தச் சொல்லில் இடறுகிறார்கள். புற்றுநோய்த் தகவல் சேவைகள் என்ற அமைப்புகள் இதற்காகவே பிறந்தன. அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு புற்றுநோய்ச் சட்டத்தை அடுத்து, யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் சேவை தொடங்கியது. இங்கிலாந்தில் சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆளான மருத்துவர் விக்கி கிளெமென்ட் ஜோன்ஸ், நோயாளியின் கட்டிலில் படுத்த பிறகுதான் விளக்கம் சொல்ல ஆளில்லை என்பதை உணர்ந்து, 1980களில் அங்கே ஒரு சேவையை நிறுவினார். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1986இல் இன்னொன்று வந்தது. இவற்றைப் போன்ற சேவைகள் 1996இல் பன்னாட்டுக் குழுவாகக் கைகோத்தன. மலேசியாவில் 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் நோயாளிகளுக்குத் தகவலும் ஆதரவும் தருகிறது.

அழைப்பை எடுப்பவர் நோயைக் கண்டறிந்து சொல்வதில்லை, மருந்து எழுதுவதில்லை. அழைப்பவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்பதைத் தோண்டி எடுப்பதுதான் அவருடைய முதல் வேலை. “எந்த உணவு நல்லது?” என்று தொடங்கும் கேள்விக்கு அடியில், “நான் பிழைப்பேனா?” என்பது ஒளிந்திருக்கும். பிறகு அவர் சொந்தக் கருத்தைச் சொல்லாமல், சரிபார்க்கப்பட்ட தொகுப்பிலிருந்து பதில் தருவார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் பி.டி.க்யூ. அத்தகைய தொகுப்பு. புதிய ஆய்வுகளை வல்லுநர் குழுக்கள் படித்துப் பார்த்து அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரே செய்தி மருத்துவருக்கு ஒரு நடையிலும் நோயாளிக்கு வேறொரு நடையிலும் எழுதப்படும்.

ஹைடல்பெர்க்கில் இருப்பவருக்குச் சுங்கை சிப்புட்டின் தாள் எப்படிப் புரியும்? அத்தையின் தாளில் டி2 என்0 எம்0 என்று ஒரு குறி இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் தெனுவா 1940களில் வகுக்கத் தொடங்கி, 1933இல் பிறந்த பன்னாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் உலகெங்கும் பரப்பிய முறை இது. டி என்பது கட்டி. மார்பகத்தைப் பொறுத்தவரை டி2 என்றால் கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ.க்கு மிகாமல் இருக்கிறது. என் என்பது நெறி, எம் என்பது தொலைவில் உள்ள உறுப்புக்குப் பரவியது. இரண்டிலும் பூஜ்யம். ஜப்பானிலும் கென்யாவிலும் இந்தக் குறிக்கு இதே பொருள்தான். நாடுகளுக்கிடையே ஆய்வு முடிவுகளைப் பரிமாறிக்கொள்ள முடிவதே இத்தகைய பொது எழுத்தினால்தான்.

குறி எல்லை தாண்டிவிடுகிறது. விளக்கம்தான் சுங்கச் சாவடியில் மாட்டிக்கொள்கிறது. ‘நிணநீர்க்கணு’ என்று அச்சிட்ட தாளைத் தோட்டத்தில் கொடுத்துப் பாருங்கள். எவருக்கும் புரியாது. ‘அக்குளில் நெறி கட்டுவது’ என்றால் பாட்டி முதல் பேத்தி வரை புரியும். ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 விழுக்காடு’ என்று எழுதினால், ஐந்து வருடம்தான் இருப்பார் என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நூறு பேரில் தொண்ணூறு பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள், அதற்குப் பிறகும் பலர் வாழ்கிறார்கள் என்று விரித்துச் சொல்ல வேண்டும். கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சதைப் பரிசோதனை என்றதும் ‘கத்தி பட்டால் பரவும்’ என்று நம் ஊரில் ஒரு குரல் எழும். அப்படிப் பரவும் வாய்ப்பு மிக மிக அரிது. அந்தப் பயத்தில் தள்ளிப்போட்ட மாதங்களில் கட்டி வளர்வதுதான் உண்மையான ஆபத்து. மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான புற்றுநோய்களில், ஏறக்குறைய 64 விழுக்காடு மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. மேற்கில் தயாராகும் வாய்ப் புற்றுநோய்த் துண்டறிக்கை பெரும்பாலும் புகையையும் மதுவையும் முன்னிறுத்தும். பீடி தொடாத, கள் குடிக்காத நம் தோட்டத்துப் பெண்கள் அதைப் படித்தால், ‘நமக்கு வராது’ என்று வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்கள். அங்கேதான் வினை இருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், சுண்ணாம்பின் காரத்தன்மையோடு சேர்ந்து, கன்னத்தின் உட்சவ்வை நாள்தோறும் தாக்குகிறது. சவ்வுக்கு அடியில் நார் படிந்து வாய் சரியாகத் திறக்க முடியாமல் போகலாம். சிலருக்கு அது புற்றாக மாறும். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985இலேயே புற்றுக் காரணியாக அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும் வெறும் பாக்கும்கூட அப்படியே என்று 2003இல் கூடிய அதன் வல்லுநர் குழு முடிவு செய்தது. அந்த முடிவுக்கான சான்றுகளில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து சென்றவை. அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் வருகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மவர் கன்னங்களிலிருந்து லியோனுக்குப் போன சேதி, எச்சரிக்கையாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைத் தோட்டத்துத் தமிழில் எழுதுவது நம் வேலை, லியோனின் வேலை இல்லை.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, “வெற்றிலை சாமிக்கு வைப்பதாயிற்றே” என்று குறுக்கிட்டார். சாமிக்கு வைக்கலாம், சாமி மெல்லுவதில்லை என்றேன். சிரித்தவர் சட்டென்று நிறுத்தி, திண்ணையில் உட்கார்ந்திருந்த தம் தங்கையை உள்ளே கூப்பிட்டார். ஆரோக்கியமான வாயில் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி நுழைக்க முடியும். சின்ன அத்தைக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் கைவிளக்கு வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, அரசாங்கப் பல் கிளினிக்கில் எண் வாங்கி மூவரும் உட்கார்ந்திருந்தோம். சின்ன அத்தையின் இடுப்பில் அன்று வெற்றிலைப் பை இல்லை.