நிறையும் எடையும்

‘மாஸ்’ என்பதை நிறை என்றும் ‘வெயிட்’ என்பதை எடை என்றும் நம் பள்ளி இயற்பியல் நூல்கள் எழுதுகின்றன. ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு நிறை. அதன் அலகு கிலோகிராம். அப்பொருளைப் புவி தன்பால் ஈர்க்கும் விசை எடை. அதன் அலகு நியூட்டன். பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகவே புழங்குவதால், இவ்வேறுபாடு வலிந்து புகுத்தப்பட்டது என்பாரும் உளர். சொற்களின் வேரை நோக்கினால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விடு என்பதிலிருந்து விடையும் கொடு என்பதிலிருந்து கொடையும் பிறந்ததுபோல, எடு என்பதிலிருந்து எடையும் நிறு என்பதிலிருந்து நிறையும் பிறந்தன. (நிறைவைக் குறிக்கும் ‘நிறை’ வேறு.) ஒன்றை எடுக்கும்போது கைக்குத் தெரிவது கீழ்நோக்கிய இழுப்பு, அதாவது விசை. நிறுப்பதோ ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது. குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு தட்டில் படிக்கல்லும் மறுதட்டில் பிச்சிப்பூவுமாக நிறுக்கும்போது, புவியீர்ப்பு இரு தட்டுகளையும் ஒரே விகிதத்தில் இழுப்பதால், முள் நடுவில் நிற்பது ஈர்ப்பின் அளவைச் சார்ந்ததன்று. நிலவுக்கே கொண்டு சென்றாலும் அந்தப் படிக்கல்லுக்கு அதே அளவு பூதான் ஈடாகும். ஆகவே பழந்தமிழரின் நிறைகோல், அதாவது தட்டுத் தராசு, காட்டியது உண்மையிலேயே நிறையைத்தான்.

சுருள்வில் தராசு அப்படியன்று. குளச்சலில் 5 கிலோகிராம் நிறையுள்ள சூரை மீனை அதன் கொக்கியில் மாட்டினால், நம் பகுதியில் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 9.78 மீட்டர் என்பதால், வில்லை இழுக்கும் விசை 48.9 நியூட்டன். இங்கே அளவு திருத்திய அதே தராசை, முடுக்கம் 9.83 ஆக இருக்கும் வடதுருவத்துக்குக் கொண்டு சென்றால், அதே மீனுக்குச் சுமார் 25 கிராம் கூடுதலாகக் காட்டும். மாறியது எடை மட்டுமே.

‘மாஸ்’ என்பதன் மூலமான இலத்தீன் ‘மாஸா’ பிசைந்த மாவுக் கட்டியைக் குறிப்பது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்தால், மலையாளத்தில் இதே கருத்துக்கு வழங்கும் சொல் பிண்டம். அதுவும் உருட்டிய கட்டிதான். எடையை அவர்கள் பாரம் என்பர்.

ஈழத்துப் பாடநூல்களைப் படிப்போர் மட்டும் சற்றே விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே ‘மாஸ்’ என்பது திணிவு. ‘வெயிட்’ என்பதுதான் நிறை. திணிவு குழப்பத்துக்கு இடந்தராத நல்ல சொல்தான். எனினும் நிறுத்தல் என்னும் செயலோடு ஒட்டி நிற்பதால் நம் வழக்கையே நான் விரும்புகிறேன். எந்த நூலாயினும் அலகைப் பார்த்தால் ஐயம் தீரும்: நிறைக்கு அருகில் கிலோகிராம் இருந்தால் அது நம் நிறை, நியூட்டன் இருந்தால் ஈழத்தார் நிறை.