படம் வேண்டாம், அதன் கோலம் போதும்

"இணையத்தில் பரவும் அந்தரங்கப் படத்தை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால், அந்தப் படத்தையே தளத்துக்காரர்களுக்கும் அனுப்ப வேண்டுமாமே? அதற்குப் பேசாமல் இருந்துவிடலாம்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பயம் வீண் பயமல்ல. 2017இல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையில் அப்படித்தான் அனுப்பச் சொன்னார்கள். ஊழியர் ஒருவர் அதைப் பார்க்கவும் செய்தார்.

இப்போது அந்தக் கொடுமை வேண்டியதில்லை. பிரிட்டனின் 'ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன்' அமைப்பினர் 2021 டிசம்பரில் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்தில், படம் உங்கள் போனைவிட்டு நகர்வதே இல்லை. கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே முடிந்து, 64 எழுத்துள்ள ஒரு குறியீடு மட்டும் வெளியே போகிறது. அதற்கான முறையின் பெயர் பிடிக்யூ.

முதலில் நிறத்தை நீக்கி, மங்கலாக்கி, படத்தை 64க்கு 64 கட்டமாகச் சுருக்குகிறது. முகம் போய்விடும், வெளிச்சமும் இருட்டும் திட்டுத்திட்டாக மிஞ்சும். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். எந்தப் படத்தையும் அலைகளின் கூட்டலாக எழுதலாம். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்றால் அது ஒரு நிதானமான அலை. தலைமுடி, சேலைக்கரையின் ஜரிகை எல்லாம் வேக அலைகள். நாலு குரூப்பில் ஃபார்வர்டு ஆகி வரும்போது அடிபடுவது பெரும்பாலும் வேக அலைகள்தான். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, 16க்கு 16 நிதான அலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓர் அலையின் வலு நடு மதிப்புக்கு மேலே இருந்தால் 1, இல்லையென்றால் 0. சரி, இது என்ன? 16 புள்ளி 16 வரிசைக் கோலம்! நாலு புள்ளிக்கு ஓர் எழுத்தாக இதைச் சுருக்கி எழுதியதுதான் அந்த 64 எழுத்துக் குறியீடு.

சம்பந்தமில்லாத இரண்டு படங்களை ஒப்பிட்டால் 256 புள்ளிகளில் ஏறக்குறைய பாதி மாறியிருக்கும். 31க்குள் மாறியிருந்தால் ஒரே படம் என்று எடுத்துக்கொள்ளலாம். பால்காரர் சைக்கிள் ஏறிப் போன மார்கழிக் கோலத்தைத் தெருப் பெண்கள் அடையாளம் காண்பதில்லையா, அதுபோலத்தான்.

அலைகளாகப் பிரிக்கும் இந்தக் கணக்கை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அமெரிக்க அரசின் அறிவியல் நிதியமைப்பிடம் பணம் கேட்டார். 'ரொம்ப எளிமையாக இருக்கிறது' என்று மறுத்துவிட்டார்கள். இன்று ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் அவர் கணக்குதான் ஓடுகிறது. நிதி ஒதுக்கும் குழுக்களுக்கு எளிமை ஏன் இவ்வளவு அலர்ஜியோ!

குறியீட்டை வைத்து அதே படம் தங்களிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் இந்த ஏற்பாட்டில் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்றவை சேர்ந்திருக்கின்றன. சேராத தளங்களில் இந்தக் குறியீட்டுக்கு வேலையில்லை. படத்தைப் பெரிதாக வெட்டினாலும் கோலம் வேறாகிவிடும். வெட்டிய படத்துக்குத் தனிக் குறியீடு போட வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் அமெரிக்காவிலிருந்து இயங்கும் 'டேக் இட் டவுன்' என்ற இதே போன்ற தளம் இருக்கிறது. இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள் மீதான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று. பதற்றத்தில் பலர் முதலில் செய்வது, போனிலிருக்கும் படத்தை அழிப்பது. அழித்துவிட்டால் கோலம் போட எதுவும் இருக்காது. குறியீடு எடுத்து, படம் வந்த இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு யோசியுங்கள்.