மூடியில் ஏன் அந்த ஓட்டை?

காற்றால் பெயின்ற் தெளிக்கும் கருவியான எயர்பிரஷ் வாங்கி மூன்றாம் நாள். பலகையில் செய்த சின்ன வள்ளம் ஒன்றுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் பெயின்ற் நின்றுவிட்டது, காற்று மட்டும் சீறுகிறது. கழற்றிக் கழுவிப் பூட்டினாலும் அதே கதை. பக்கத்து வீட்டுப் பொடியன் எட்டிப் பார்த்தான். "மாமா, கிண்ணத்து மூடியில இருக்கிற ஓட்டையில பெயின்ற் காய்ஞ்சு கிடக்கே?" குண்டூசியால் குத்தினேன். பெயின்ற் வந்தது.

காற்று பெயின்றை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நடப்பது தள்ளல். முனையைச் சுற்றியுள்ள வளைய இடைவெளியால் பாயும் காற்று, பக்கத்துக் காற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. அதனால் முனைக்குள் இருக்கும் ஊசியின் நுனியில் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. பெயின்ற் ஊற்றிய கிண்ணத்திலோ மூடி ஓட்டை வழியாக வெளிக்காற்று அமுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம்தான் பெயின்றை முனைக்குத் தள்ளுகிறது. ஸ்ட்ரோவில் இளநீர் மேலேறுவதும் இப்படித்தான். ஓட்டையை அடைத்தால் தள்ள ஆளில்லை.

நுனிக்கு வந்த பெயின்ற் ஊசிமேல் மெல்லிய படலமாக வழிகிறது. வேகக்காற்று அதை நூல்நூலாக இழுக்க, பரப்பு இழுவிசை அந்த நூல்களைத் துளிகளாக அறுக்கிறது. தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய துளிகள். பெயின்ற் தடிப்பாக இருந்தால் நூல் அறாது, பொட்டுப்பொட்டாகத் துப்பும். ஆகவே பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். மிகவும் தண்ணியாகப் போனாலோ, பலகையில் விழுந்த பெயின்றைக் காற்றே விரட்டிச் சிலந்திக்கால் போலப் பரப்பிவிடும்.

பழக நாளெடுப்பது விரல். இரட்டை இயக்க எயர்பிரஷில் பொத்தானைக் கீழே அமுக்கினால் காற்று, பின்னே இழுத்தால் பெயின்ற். இழுக்கும்போது கூம்பு நுனி ஊசி பின்வாங்கும், முனையில் வழி அகலும். முனையின் விட்டமே 0.3 மில்லிமீற்றர்தான், அதற்குள் எவ்வளவு திறப்பது என்பதை விரல்தான் கற்க வேண்டும். தொடங்கும்போது காற்று முந்த வேண்டும், நிறுத்தும்போது பெயின்ற் முந்த வேண்டும். மாற்றிச் செய்தால் அடுத்த கோட்டின் தலையில் ஒரு குமிழ்ப் பொட்டு நிற்கும். பழைய பத்திரிகையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வைத்த பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. புள்ளி சலிப்பு என்று நேரே படத்துக்குப் போகிறவர்கள் பெயின்றைத்தான் வீணாக்குகிறார்கள்.

முகமூடி கட்டாயம். தண்ணீர்ப் பெயின்ற் என்றாலும் அந்தத் துளிகள் நுரையீரலுக்குப் போகும், சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

திருகோணமலையில் இன்னொரு எதிரியும் உண்டு: காற்றின் ஈரம். உப்புவெளியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. 30 பாகையில் ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 வீத ஈரப்பதன் என்றால் 24 கிராம். அதை, எயர்பிரஷுக்குக் காற்றுத் தரும் கொம்பிரசர் 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அமுக்கும்போது கனவளவு நாலில் ஒன்றுக்குக் கிட்டச் சுருங்குகிறது. காற்று ஆறியதும் அந்தச் சின்ன இடம் தாங்குவது 8 கிராம் மட்டுமே. மிச்சம் 16 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், தாங்கிக்குள்ளும் குழாய்க்குள்ளும் படியும். நிமிடத்துக்கு 20 லீற்றர் தரும் கொம்பிரசர் விடாமல் ஓடினால் 50 நிமிடத்தில் இவ்வளவும் சேர்ந்துவிடும். அதில் ஒரு சொட்டு முனை வழியாக வந்தாலே, அதுவரை அடித்த நீலம் போச்சு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறு. உலர்ந்த வெக்கையில் பெயின்ற் ஊசி நுனியிலேயே காய்ந்து கட்டியாகும், அடிக்கடி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். மாரியில் துடைக்கிற வேலை குறைவு. ஆனால் தண்ணீரைப் பிடிக்கக் குழாயில் மாட்டிய நீர்ப்பொறியின் கண்ணாடிக் குப்பி அரைவாசி நிறைந்து நிற்கும். அடியிலுள்ள ஊசியை அமுக்கினால் தண்ணீர் 'புஸ்' என்று சீறித் தரையில் தெறிக்கும். அந்தப் பொடியனுக்கு அதுதான் விருப்பமான வேலை, என்னை அமுக்க விடமாட்டான்.