பிளேசார்: சொல்லும் பொருளும்

ரேடியோ அலைகளையும் எக்ஸ் கதிர்களையும் ஒருசேர வெளியிடும் செயல்படு பேரடைகளுள் (மையத்திலிருந்து மிகுந்த ஆற்றலை உமிழும் பேரடைகளுள்), மையக் கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் துகள் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே அமைந்திருப்பவை பிளேசார் எனப்படுகின்றன. தாரை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அதே பேரடை ரேடியோ பேரடை என்ற பெயரைப் பெற்றிருக்கும். ஆக, இச்சொல் பொருளின் இயல்போடு நாம் அதைக் காணும் கோணத்தையும் குறிக்கிறது.

1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியலாளர் கூனோ ஹோஃப்மைஸ்டர், பல்லி விண்மீன் குழுவில் ஒளி ஏறியிறங்கும் ஒரு புள்ளியைக் கண்டறிந்தார். அது மாறொளி விண்மீன் என்று கருதப்பட்டதால், அவ்வகை விண்மீன்களுக்குரிய எழுத்து வரிசைப்படி ‘பிஎல் லாசெர்ட்டே’ என்று பெயரிடப்பட்டது. 1968இல் ஜான் ஷ்மிட் அது ஒரு ரேடியோ மூலத்துடன் பொருந்துவதைக் காட்டினார். சுமார் 90 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள பேரடை அது என்பது பின்னர் தெளிவானபோதும் விண்மீனுக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. 1978இல் எட்வர்ட் ஸ்பீகல், அப்பெயரின் ‘பிஎல்’ என்பதையும் பேரொளி வீசும் பேரடை மையத்தைக் குறிக்கும் ‘குவேசார்’ என்பதன் பிற்பகுதியையும் இணைத்து, கொழுந்துவிட்டு எரிதல் (ஆங்கிலத்தில் ‘பிளேஸ்’) என்னும் பொருளும் தொனிக்கும்படி ‘பிளேசார்’ என்ற சொல்லை ஆக்கினார்.

தாரையில் ஒளிவேகத்தை நெருங்கி விரையும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது ரேடியோ அலைகள் பிறக்கின்றன. அதே எலக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த ஒளித்துகள்களுடன் மோதி, அவற்றை எக்ஸ் கதிர், காமா கதிர் நிலைகளுக்கு உயர்த்தவும் செய்கின்றன. எனினும் மார்க்கேரியன் 421 போன்ற சில பிளேசார்களில் காந்தப்புலச் சுழற்சியே எக்ஸ் கதிர்வரை எட்டிவிடுகிறது. முன்னர் பிளேசார்களை ரேடியோ தேடலில் கிடைத்தவை, எக்ஸ் கதிர்த் தேடலில் கிடைத்தவை என்று பிரித்தார்கள். கருவியை வைத்துச் செய்த அந்தப் பிரிவினையைவிட, காந்தப்புலச் சுழற்சியால் எழும் கதிர்வீச்சு எந்த அதிர்வெண்ணில் உச்சமடைகிறது என்று பார்த்துப் பிரிக்கும் இன்றைய முறையே பொருத்தமானது. ஒளிர்வு சில மணி நேரத்திலேயே மாறக்கூடுமாதலால், இரு அலைப்பட்டைகளிலும் ஒரே காலத்தில் நோக்கினால்தான் ஒப்பீடு செல்லும்.

பிளேசாருக்குத் தமிழ்ப் பெயராக ‘ஒளிர்விண்மீன்’ என்பது பொருந்தாது. அது ஹோஃப்மைஸ்டர் காலத்துக் குழப்பத்தையே மீட்டுக் கொண்டுவரும். ‘சுடர்ப்பேரடை’ தவறன்று, ஆனால் சுடர்வது முழுப் பேரடையும் அன்று. மையத்தையும் எரிதலையும் ஒருங்கே சுட்டும் ‘சுடர்க்கரு’ என்பதே என் தெரிவு. ஒலிபெயர்த்து எழுத விரும்புவோர் ‘பிளேசார்’ என்று நெடிலிட்டு எழுதுவது நலம். ‘பிளேசர்’ என்றால் பள்ளிச் சீருடையின் மேற்சட்டை நினைவுக்கு வந்துவிடும்.