எடைச் சீட்டில் இல்லாத எண்

சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டிகளின் அசைவைக் கணினியில் கணித்துப் பார்ப்பது என் தொழில். திருவொற்றியூரில் குடியிருப்பதால், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்களைப் பார்க்காத நாளில்லை. அவற்றைக் கணக்கில் ஏற்ற எனக்கு முதலில் வேண்டிய எண்ணைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை: சரக்கின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

சரக்கு அடைத்த கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றுமுன் சரிபார்த்த மொத்த எடையை அறிவித்தாக வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதனால் எடை தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே 24 டன், கூரை வரை அடுக்கிய மூட்டைகளாகவும் இருக்கலாம், தரையோடு கிடக்கும் இரும்புச் சுருள்களாகவும் இருக்கலாம்.

கவிழும் எல்லையைத் தோராயமாக அறிய, இருபுறச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, சரக்கோடு சேர்ந்த முழு வண்டியின் ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் போதும். பாதி அகலம் 0.95 மீட்டர், உயரம் 2.2 மீட்டர் என்றால் விடை 0.43, அதாவது பக்கவாட்டு விசை வண்டி எடையில் 43 விழுக்காட்டைத் தொடும்போது வண்டி கவிழும். ஸ்பிரிங்கும் டயரும் நசுங்குவதையும் சேர்த்துக் கணித்தபோது, நான் எடுத்துக்கொண்ட மாதிரி வண்டிக்கு அது 0.36 ஆகக் குறைந்தது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இதன் பொருள் மணிக்கு 37 கிலோமீட்டர். இரும்புச் சுருளென்றால் 42 வரை தாங்கும். வேகம் 30-லிருந்து 37-க்கு ஏறினால் கூடுவது ஏழு கிலோமீட்டர்தான், பக்கவாட்டு விசையோ ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

டீக்கடையில் ஒரு டிரைவரிடம் இதைச் சொன்னபோது, "கேபின் நேராத்தான் சார் இருக்கும், பின்னாடி சக்கரம் தூக்கினா கண்ணாடியில பாத்தாத்தான் தெரியும்" என்றார். என் திரையில் தெரிவதும் அதுவே: ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரங்களில் சுமை சுழியத்தைத் தொடும் நொடியில்கூடக் கேபின் சில பாகையே சாய்ந்திருக்கும். மணலியிலிருந்து வரும் டேங்கர்கள் பாதி நிரம்பியிருந்தால், உள்ளே திரவம் ஒரு பக்கம் ஏறி நிலைமையை மேலும் மோசமாக்கும்.

ரயிலில் வண்டி கவிழ்வதைவிடச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறுவதே பெரிய அச்சம். பக்கவாட்டு விசைக்கும் செங்குத்துச் சுமைக்கும் உள்ள விகிதமே அதைத் தீர்மானிக்கிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் நடால் 1908-இல் எழுதிய வாய்பாட்டைத்தான் இன்றும் நாங்கள் எல்லையாக வைத்துக்கொள்கிறோம். சரக்கு ஒருபக்கமாக ஒதுங்கினால் மறுபக்கச் சக்கரம் இலேசாகிவிடும். அங்கும் கேள்வி எடையைப் பற்றியதன்று, எடை இருக்கும் இடத்தைப் பற்றியது.

சீல் வைத்த பெட்டியைத் திறந்து பார்க்க டிரைவருக்கு உரிமையில்லை. ஆகவே கிடங்கில் சரக்கை அடைப்பவர்கள், கதவை மூடுமுன் அடுக்கிய உயரம் தெரியும்படி ஒரு படமெடுத்து அவருடைய போனுக்கு அனுப்பலாம். கனமானதைக் கீழே வைப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. புறப்படுமுன் நான்கு மூலைகளிலும், பெட்டியை ட்ரெய்லரோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக்கைப் பூட்டுவது டிரைவரின் வேலை. பூட்டாத கன்டெய்னருக்கு மேலே சொன்ன வேகங்கள் எவையும் பொருந்தா, ஏனெனில் பெட்டியும் ட்ரெய்லரும் ஒரே உடல் என்று வைத்துத்தான் அவற்றைக் கணித்திருக்கிறேன்.